ஒரு மீட்டரும் 45 மில்லிமீட்டரும்: வீட்டில் கட்டிய ஒய்.டி.எம்-4 டீசல் எஞ்சின் – ஒரு நிகழ்வு ஆய்வு

பெரிய அளவில் ரயில் எஞ்சின் மாதிரி கட்ட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எஞ்சினைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதை எந்தத் தண்டவாளத்தில் ஓட்டுவது என்று பிறகுதான் யோசிக்கிறார்கள். இந்த மாதிரியை நான் தண்டவாளத்திலிருந்து தொடங்கினேன். தோட்டத்திலும் மொட்டை மாடியிலும் ஓட்டும் பெரிய மாதிரி ரயில்களுக்கு உலகம் முழுவதும் பழக்கத்தில் இருக்கும் பாதை 45 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. அந்த அகலத்துக்கு நம் ஊரில் ஓடிய எந்த ரயில் நேர்மையாகப் பொருந்தும் என்பதுதான் என் முதல் கேள்வி.

1000 மி.மீ. அகலமுள்ள மீட்டர்கேஜை 22.5ஆல் வகுத்தால் 44.4 மி.மீ. வருகிறது. வேறுபாடு நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. ஜெர்மனியின் எல்.ஜி.பி. நிறுவனம் 1968இல் ஆல்ப்ஸ் மலைப் பகுதியின் சிறு ரயில்களை மாதிரிகளாக விற்கத் தொடங்கியபோது இந்த 1:22.5 விகிதத்தையே எடுத்துக்கொண்டது, அவற்றுள் பல மீட்டர்கேஜ் என்பதால். அதே பாதையில் அமெரிக்க, ஐரோப்பிய 1435 மி.மீ. அகல ரயிலைச் சரியாகக் காட்ட 1:32 விகிதம் வேண்டும். நம் அகலப்பாதையான 1676 மி.மீ.க்கு இதில் இடமே இல்லை. அகலப்பாதையின் டபிள்யூ.டி.எம்-2 டீசல் எஞ்சினை 1:32இல் கட்டுகிறவர் 52.4 மி.மீ. பாதையைத் தானே செய்துகொள்ள வேண்டும். கடையில் கிடைக்கும் 45 மி.மீ. பாதையில் அதை நிறுத்தினால், நிலையத்தில் பார்த்துப் பழகிய அந்த அகன்ற நிற்பு காணாமல் போய்விடும்.

எனவே மீட்டர்கேஜ். மீட்டர்கேஜ் டீசல் என்றால் ஒய்.டி.எம்-4. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் டி.எல்.535 என்ற பெயரில் வடிவமைத்த எஞ்சின் இது. 1960களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தது. கனடாவின் மான்ட்ரியல் தொழிற்சாலை கட்டி அனுப்பியவற்றுக்கு ஒய்.டி.எம்-4ஏ என்று பெயர். 1968 முதல் வாரணாசி டீசல் எஞ்சின் தொழிற்சாலையிலேயே உருவாகத் தொடங்கின. ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த 251 வகை இயந்திரம், ஏறத்தாழ 1,400 குதிரைத்திறன், ஆறு அச்சு, அச்சுக்குச் சுமார் 12 டன், உச்ச வேகம் மணிக்கு 96 கி.மீ. எழும்பூரிலிருந்து தெற்கே மீட்டர்கேஜில் பயணம் செய்த ஒரு தலைமுறைக்கு இதன் முகம் மறக்காது. 1977இல் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸை மதுரைக்கு இழுத்துச் சென்றதும் இந்த வகைதான். அகலப்பாதை மாற்றத்தில் தமிழ்நாட்டின் மீட்டர்கேஜ் ஏறக்குறைய முழுவதும் மறைந்த பிறகும், குன்னூர்–உதகமண்டலம் பாதையில் இந்த எஞ்சின் உழைத்துக்கொண்டிருந்தது.

அளவெடுத்தல்

ஒய்.டி.எம்-4இன் நீளம் சுமார் 15.6 மீட்டர், மாதிரியில் 69 சென்டிமீட்டர். அகலம் சுமார் 2.7 மீட்டர், மாதிரியில் 12 சென்டிமீட்டர். சக்கர விட்டம் புதிதாக இருக்கும்போது 965 மி.மீ.; மாதிரியில் 43 மி.மீ. இந்த அடிப்படை எண்களை வைத்துக்கொண்டு ஒரு பெட்டியைச் செய்துவிடலாம், எஞ்சினைச் செய்ய முடியாது. கதவுகளின் அகலம், ஓட்டுநர் அறைச் சன்னலின் உயரம், நடைபாதையின் விளிம்பு, கைப்பிடிக் கம்பி எங்கே வளைகிறது என்பவையெல்லாம் புகைப்படத்திலிருந்துதான் வரவேண்டும்.

குன்னூர் நிலைய நடைமேடையிலிருந்து எடுத்த படங்களே எனக்குப் பெரிய துணை. படத்திலிருந்து அளவெடுக்கும்போது சக்கரத்தை அளவுகோலாக நம்பக்கூடாது. சக்கரம் தேய்கிறது, பட்டறையில் கடைந்து கடைந்து அதன் விட்டம் குறைந்துகொண்டே போகிறது. படத்தில் இருக்கும் எஞ்சின் அந்த வாழ்நாளில் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று சொல்ல வழியில்லை. மாறாத அளவுகோல் படத்திலேயே இருக்கிறது: தண்டவாளம். நேர் எதிரே நின்று எடுத்த முகப்புப் படத்தில் இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம் ஒரு மீட்டர். தூரம் கூடக் கூட உருவம் சுருங்கும் என்பதால், முதல் சக்கரம் தொடும் இடத்தில் அந்த ஒரு மீட்டரைக் குறித்துக்கொண்டு முகப்பில் உள்ள எல்லாவற்றையும் அதிலிருந்து கணக்கிட்டேன். பக்கவாட்டுப் படங்களை முடிந்தவரை தொலைவிலிருந்து, லென்ஸை நீட்டி எடுக்க வேண்டும். அருகில் நின்று எடுத்தால் முன்னே நிற்கும் கைப்பிடிக் கம்பி பெரிதாகவும் அதற்குப் பின்னே உள்ள கதவு சிறிதாகவும் விழும்.

முகப்புப் படத்திலிருந்து கிடைத்த முக்கியமான பாடம் ஒரு விகிதம். ஒரு மீட்டர் பாதையின் மேல் 2.7 மீட்டர் அகல உடல் நிற்கிறது. பாதையைப் போல 2.7 மடங்கு. அகலப்பாதை டீசலில் இது 1.7 மடங்குதான். மீட்டர்கேஜ் டீசலின் அழகே இந்தத் துணிச்சலில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மெல்லிய பாதையின் இரு புறமும் உடல் தாராளமாக வெளியே நீட்டிக்கொண்டு வரும். மாதிரியில் இந்த விகிதம் தவறினால், கதவையும் கம்பியையும் எத்தனை நுட்பமாகச் செய்தாலும் அது ஒய்.டி.எம்-4 போலத் தோன்றாது.

போகி

டீசல் எஞ்சின் மாதிரி என்றாலே மேல் உடலில் பாதி உழைப்பு போய்விடும் என்று நினைப்பார்கள். என் கணக்கில் போகிக்குத்தான், அதாவது அச்சுகளைப் பிடித்துக்கொண்டு உடலைத் தாங்கும் சக்கரச் சட்டத்துக்குத்தான், பெரும் பங்கு. மேல் உடல் தட்டையான தகடுகளால் ஆனது. போகி முழுக்க வார்ப்பு: புடைப்பு, குழிவு, சுருள்வில், பிரேக் சிலிண்டர், மணல் குழாய், தொங்கும் கம்பிகள் என்று ஒரு சதுர அங்குலம்கூடச் சும்மா இருக்காது.

இது ஆல்கோவின் ட்ரைமவுண்ட் வகை. உடலின் எடையை நடுவில் ஒரு தாங்கியும் பக்கவாட்டில் இரண்டு தாங்கிகளுமாக மூன்று இடங்களில் ஏற்பதால் அந்தப் பெயர். இழுவை மோட்டார்களை அடுக்கும் முறை காரணமாக இதன் மூன்று அச்சுகளும் சம இடைவெளியில் இருப்பதில்லை. நடு அச்சு ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கும். பொம்மை எஞ்சின்களில் இந்த நுணுக்கத்தைத் துடைத்துச் சமமாக்கிவிடுகிறார்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது எஞ்சினுக்கு ஒரு திசை உணர்வைத் தருவதே இந்தச் சமமின்மைதான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சக்கரங்களை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். கடைசல்காரர் வேலையைத் தொடங்குமுன், “சார், இது எந்தத் தண்டவாளத்தில் ஓடப்போகிறது?” என்று கேட்டார். பித்தளைத் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கொடுத்தேன். அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, “அப்படியானால் விளிம்பு ஓரத்தில் கூர்முனை இருக்கக்கூடாது, பித்தளையைச் சீவிவிடும்” என்றார். “சரி அண்ணே, நீங்கள் சொல்கிறபடியே வளைத்துவிடுங்கள்” என்றேன். பன்னிரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புக் கம்பியிலிருந்து, ஒரே அமர்வில் கடைந்தார். ஒரே அச்சில் உள்ள இரு சக்கரங்களின் விட்டத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் நேர்ப்பாதையிலேயே எஞ்சின் ஒரு பக்கம் இழுக்கும். சக்கரங்களின் உட்பக்க இடைவெளியைச் சுமார் 40 மி.மீ. என்று வைத்து, ஒவ்வோர் அச்சிலும் ஒரு சக்கரத்தை மட்டும் நைலான் வளையத்தால் மின்காப்புச் செய்தேன். பின்னாளில் யாராவது பாதை வழியாக மின்சாரம் கொடுக்க விரும்பினால் வழி அடைபட்டிருக்கக்கூடாது.

வளைவில் மூன்றச்சுப் போகி எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கட்டுமுன் கணக்கிட்டே தீரவேண்டும். முதல் அச்சும் கடைசி அச்சும் தண்டவாளத்தில் சரியாக அமர்ந்தால் நடு அச்சு வளைவின் வெளிப்பக்கமாக நகர இடம் கேட்கும். அந்த நகர்வு, அச்சுத் தூரத்தின் வர்க்கத்தை வளைவு ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் 150 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பெட்டியில் வாங்கும் எல்.ஜி.பி.யின் மிகச் சிறிய 600 மி.மீ. ஆர வளைவில் நடு அச்சு 4.7 மி.மீ. நகர வேண்டும். 1200 மி.மீ. ஆரத்தில் 2.3, 2000 மி.மீ. ஆரத்தில் 1.4. முதல் எண் நடைமுறைக்கு ஆகாது. போகியின் பக்கச் சட்டத்தில் அச்சுப்பெட்டி இடிக்கும். மூன்றாவது எண் மிக இயல்பாகக் கிடைக்கும் தளர்வு. மாடியில் 2 மீட்டர் ஆரத்துக்கு இடம் இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டேன். உடல் வெளியே நீட்டுவதும் அந்த ஆரத்தில் பார்வைக்கு மிதமாகிறது. இடம் குறைந்தவர்கள் நடுச் சக்கரத்தின் விளிம்பைக் கடைந்து எடுத்துவிடுவது வழக்கம். மாதிரி அலமாரியில் கண் மட்டத்தில் நிற்கப்போகிறது என்றால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒவ்வொரு போகியிலும் ஒரு மோட்டார், வெளி அச்சுகள் இரண்டையும் புழுப் பற்சக்கரம் (வார்ம் கியர்) வழியாகச் சுழற்றுகிறது. நடு அச்சு மெல்லிய வில்லின் கீழ்ச் சும்மா உருள்கிறது. எடை பெரும்பாலும் இயங்கும் சக்கரங்களின் மேல் விழும்படி அந்த வில்லை வேண்டுமென்றே பலவீனமாக வைத்தேன்.

பற்சக்கர விகிதத்தையும் மூல எஞ்சினே சொல்லிவிடுகிறது. மணிக்கு 96 கி.மீ. என்பது மாதிரியில் நொடிக்கு 119 செ.மீ. சக்கரச் சுற்றளவு 13.5 செ.மீ. என்பதால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 530 சுற்று. 8000 சுற்றுக்குச் சுழலும் 12 வோல்ட் மோட்டாருக்கு 15:1 போதும். குன்னூர்–உதகைப் பாதையின் 30 கி.மீ. வேகத்தை ஒத்து ஓட்டினால் நொடிக்கு 37 செ.மீ. மட்டுமே. முதன்முறை பார்க்கிறவர்களுக்கு இது தாமதமாகத் தோன்றும். ஆனால் கனமான எஞ்சின் கனமாகத் தெரிவது அந்த வேகத்தில்தான்.

மேல் உடல், வெயில்

உடலின் எலும்புக்கூடு 2 மி.மீ. அக்ரிலிக். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் இருக்கும் லேசர் வெட்டும் இயந்திரம் இந்த வேலைக்கு வரப்பிரசாதம். வரைபடக் கோப்பைக் கொடுத்தால் சன்னல் துளைகள் உட்பட ஒரே நேர்த்தியில் வெட்டித் தருகிறார்கள். அதன் மேல் அரை மி.மீ. பாலிஸ்டைரீன் தகட்டில் கதவுகளைத் தனித்தனியாக வெட்டி ஒட்டினேன். கதவை ஒரே தகட்டில் கீறிக் காட்டுவதற்கும் தனியாக ஒட்டுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. தனியாக ஒட்டிய கதவு ஒரு மயிரிழை மேலெழுந்து நிற்கும். சாய்வாக விழும் மாலை வெயிலில் ஒவ்வொரு கதவும் தன் நிழலைத் தானே வரைந்துகொள்ளும். அக்ரிலிக்கை ஒட்டக் கடைக்காரர்கள் குளோரோஃபார்ம் பயன்படுத்துகிறார்கள். பிணைப்பு உறுதியானதுதான், ஆனால் அந்த ஆவி உடலுக்குக் கேடு. மூடிய அறையில் அதைத் திறக்கவே கூடாது.

முப்பரிமாண அச்சில் எடுக்கும் பாகங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை, குறிப்பாக நம் ஊர்க்காரர்களுக்கு. வெளிநாட்டுக் கட்டுமானக் குறிப்புகளில் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அது 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும். குளிர் நாட்டுத் தோட்டத்தில் அது ஒரு பொருட்டல்ல. மே மாதத்தில், மொட்டை மாடியில், கரும் வண்ணம் பூசிய மூடிய உடலுக்குள் வெப்பம் அந்த எல்லையைத் தொடுவது கடினமே அல்ல. பி.இ.டி.ஜி. சுமார் 80 டிகிரி வரையும், ஏ.பி.எஸ். 100க்கு மேலும் தாங்கும். போகிப் பக்கச் சட்டங்களை ஏ.பி.எஸ்.இல் எடுத்தேன். உள்ளே சூடான காற்று தேங்காமலிருக்க, மூல எஞ்சினில் ரேடியேட்டர் விசிறி இருக்கும் அதே இடத்தில், கூரைக் கம்பிவலைக்குக் கீழே ஒரு சிறிய கணினி விசிறியைப் பொருத்தினேன். அது சுழல்வது வலை வழியாகத் தெரிகிறது. தோற்றமும் பயனும் ஒரே பாகத்தில் அமைந்துவிட்டன.

வெயில் பாதையையும் விடாது. பித்தளை ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 19 பங்கு நீளும். நான்கு மீட்டர் நேர்ப்பாதை, அதிகாலைக்கும் நண்பகலுக்கும் 35 டிகிரி வேறுபாட்டில் 2.7 மி.மீ. நீளும். இணைப்புகளில் அந்த இடைவெளியை விட்டுத்தான் பதிக்க வேண்டும். இரு முனையும் சுவரில் முட்டினால் பாதை வளைந்து எழும்.

கைக்கு எட்டும் கடைகளில்

கைப்பிடிக் கம்பிகளுக்கு 1.2 மி.மீ. பித்தளைக் கம்பி, அதாவது மூலத்தில் 27 மி.மீ. குழாய். தூண்களின் தலைக்குச் சிறிய கோட்டர் பின்கள்: அவற்றின் வளையத்தில் கம்பியை நுழைத்து, கால்களை நடைபாதைக்குக் கீழே விரித்து ஒட்டினால் உறுதியாக நிற்கும். எஞ்சினின் இரு முனைகளிலும் நடைபாதையைக் குறுக்கே மறிக்கும் சங்கிலிக்குக் கவரிங் நகைக் கடையில் விற்கும் மெல்லிய சங்கிலி. ரேடியேட்டர் வலைக்கு நுண்ணிய எஃகு வடிகட்டி வலை. கண்ணாடிக்கு 1 மி.மீ. ஒளிபுகும் அக்ரிலிக், அதைவிடத் தடித்தால் சன்னல் ஆழமாகி எஞ்சின் சிறுத்துத் தெரியும்.

பெட்டிகளை எஞ்சினோடு இணைக்கும் கொக்கியைத்தான் எங்கும் வாங்க முடியாது. இந்திய மீட்டர்கேஜில் அகலப்பாதை போல முகப்பின் இரு பக்கமும் மோதலைத் தாங்கும் பஃபர் தாங்கிகள் கிடையாது. நடுவில் ஒரே தாங்கி, அதனுடன் சேர்ந்த ஏ.பி.சி. வகைக் கொக்கி. முகப்பைப் பார்த்த உடனே இது மீட்டர்கேஜ் என்று அறிவிப்பது அதுவே. ஐரோப்பிய மாதிரிக் கொக்கி ஒன்றை மாட்டினால் முகப்பு முழுவதும் பொய்யாகிவிடும். பித்தளைத் தகட்டை அறுத்து, அரத்தால் ராவி, வெள்ளீயம் பற்றவைத்து இரண்டு செய்தேன். எஞ்சின் முழுவதிலும் மெதுவாக நகர்ந்த வேலை இதுதான். அதன் அருகில் தொங்கும் வெற்றிடப் பிரேக் குழாய்க்குக் கறுப்பு மின்கம்பி உறை. குழாயின் தடிமனைக் குறைத்துவிடாதீர்கள். படங்களில் பார்த்தால் அது வியக்கும் அளவுக்குப் பருமனானது.

வண்ணமும் கரியும்

ஒய்.டி.எம்-4இன் வண்ணம் என்று ஒன்று கிடையாது. டீசல் கொட்டகைக்குக் கொட்டகை, பழுதுபார்ப்புக்குப் பழுதுபார்ப்பு மாறியது. அதனால் வகையைக் கட்டாமல் ஒரு குறிப்பிட்ட எஞ்சினை, அதன் வாழ்வின் ஒரு குறிப்பிட்ட காலத்தில் கட்டவேண்டும். நான் எடுத்துக்கொண்ட 1980களின் படத்தில் பொன்மலைக் கொட்டகைக்குரிய எஞ்சின் ஒன்று கருஞ்சிவப்பு உடலும் வெளிர்மஞ்சள் பட்டையுமாக நிற்கிறது. பட்டை முகப்பில் எங்கே இறங்குகிறது, கொட்டகைப் பெயர் ஓட்டுநர் அறைப் பக்கத்தில் எவ்வளவு தள்ளி எழுதப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அந்தப் படத்திலிருந்தே எடுத்தவை. எழுத்துகள் கையால் எழுதியவை. அச்சுப் போல ஒழுங்காக இருக்காது. கணினி எழுத்துருவை விட்டுவிட்டு, படத்தின் மேல் ஒளித்தாள் வைத்து வரைந்து, அந்த வடிவத்தையே ஒட்டுத்தாளில் வெட்டினேன்.

புதிய வண்ணத்தோடு விட்டுவிடலாம் என்று சொன்ன நண்பர்கள் உண்டு. ஆல்கோ எஞ்சினைச் சுத்தமாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஓட்டுநர் திடீரென்று விசையைக் கூட்டும்போது எரிபொருள் முதலில் கூடுகிறது. இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வேகமெடுத்துக் காற்றைக் கூட்டச் சிறிது நேரமாகிறது. அந்த இடைவெளியில் எரியாத கரி கரும்புகையாக வெளியே தள்ளப்படுகிறது. ஆகவே கரி கூரை முழுவதும் சமமாகப் படியாது; புகைபோக்கியைச் சுற்றி அடர்ந்து, ஓட்டத்தின் திசையில் பின்னோக்கி மெலிந்துகொண்டே போகும். போகியில் நிறம் வேறு: பிரேக் கட்டையின் இரும்புத்தூள் துருப்பிடித்த செம்பழுப்பு. எரிபொருள் தொட்டியின் வாய்க்குக் கீழே டீசல் வழிந்த கறை ஈரப் பளபளப்போடு தெரியவேண்டும். கரிக்கும் தூசுக்கும் ஓவியர்களின் உலர் வண்ணக்கட்டியைப் பொடித்து மென்தூரிகையால் தடவி, மங்கல் வார்னிஷால் நிறுத்தினேன். தொட்டியின் வாயில் மட்டும் பளபளப்பு வார்னிஷ். ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் சொல்ல முடிய வேண்டும். காரணம் தெரியாத இடத்தில் தூரிகையை வைக்கவில்லை.

மின்சாரம், ஒலி, இழுவை

தூசும் மழையும் உள்ள மாடியில் பாதை வழியாக மின்சாரம் எடுத்தால், ஓட்டுவதைவிடத் தண்டவாளம் துடைப்பதில் அதிக நேரம் போகும். எனவே 18650 வகை லித்தியம் செல்கள் நான்கு, வரிசையாக இணைத்து 14.8 வோல்ட். காப்புச் சுற்று இல்லாமல் இவற்றைப் பயன்படுத்தக்கூடாது; வெயிலில் நின்ற எஞ்சினை உடனே மின்னேற்றவும் கூடாது. செல்களை இரு போகிகளுக்கும் நடுவே உள்ள எரிபொருள் தொட்டிக்குள் வைத்தேன். 2.7 மடங்கு அகல உடல் ஒல்லியான பாதையில் நிற்கும்போது எடை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஒலிபெருக்கி ரேடியேட்டருக்குக் கீழே, மேல்நோக்கி. ஒலியில் நான் வலியுறுத்தும் ஒன்று, அந்த டர்போத் தாமதம். விசையைக் கூட்டிய உடன் இயந்திர ஒலி ஏற வேண்டும். டர்போவின் சீழ்க்கை சற்றுப் பிந்தி வந்து சேர வேண்டும். எஞ்சின் அதற்கும் பிறகே நகரத் தொடங்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பலகையில் இந்த மூன்றையும் தனித்தனி நேரத்தில் அமைத்ததும், ஒலி எஞ்சினுக்குள்ளிருந்து வருவதாகவே காதுக்குப் பட்டது.

மூல எஞ்சினின் 72 டன்னை 22.5இன் கன மடங்கால் வகுத்தால் 6.3 கிலோ. மாதிரியை 4 கிலோவில் நிறுத்தினேன். அதற்கு மேல் போனால் மோட்டாருக்கும் புழுப் பற்சக்கரத்துக்கும் சுமை. இயங்கும் சக்கரங்களின் மேல் சுமார் மூன்றரைக் கிலோ, உராய்வுக் கெழு 0.2 என்று கொண்டால் 700 கிராம் இழுவை. 25க்கு 1 என்ற ஏற்றத்தில் எஞ்சின் தன்னையே தூக்க 160 கிராம் போகும். 1.2 கிலோ எடையுள்ள ஒவ்வொரு பெட்டியும் ஏற்றத்துக்கு 48 கிராமும் உருள் உராய்வுக்கு ஏறத்தாழ 30 கிராமும் கேட்கும். மீதமுள்ள இழுவைக்கு ஆறு பெட்டிகள். மழை ஈரத்தில் நான்குடன் நிறுத்திக்கொள்வது நல்லது. மூன்று பெட்டிகள் இப்போது தயார்; நான்காவது, மரப்பலகை இருக்கைகளும் குறுக்குக் கம்பிச் சன்னல்களும் கொண்ட இரண்டாம் வகுப்புப் பெட்டி, சன்னல் கம்பிகளுக்காகக் காத்திருக்கிறது.